சார்பு வேகக் கணக்கு எங்கே பிசகுகிறது? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடியுங்கள்

உயர்தரத்தில் பௌதிகவியலிலும் சார்பு வேகம் வருகிறது, இணைந்த கணிதத்திலும் வருகிறது. இரண்டிலும் பிள்ளைகள் புள்ளியை விடுகிற இடம் ஏறக்குறைய ஒன்றுதான். கொப்பியைப் பார்த்தால் பைதகரசு சரியாக இருக்கும், சைன் விதி சரியாக இருக்கும், கூட்டல் கழித்தலும் சரியாக இருக்கும். விடை மட்டும் பிழைத்திருக்கும். பிழை அதற்கெல்லாம் முன்பே, அம்புக்குறியைக் கீறிவிட்டு அதற்குப் பெயர் எழுதாமல் போன இடத்தில் நடந்திருக்கும்.

ஆகவே முதலில் பெயர் வைக்கும் முறை. ஒவ்வொரு வேகத்துக்கும் இரண்டு பெயர் வேண்டும்: எது நகர்கிறது, எதைச் சார்ந்து நகர்கிறது. வே(படகு, நீர்) என்றால் நீர் சார்பாகப் படகின் வேகம். வே(படகு, புவி) என்றால் கரையில் நிற்பவர் பார்க்கும் வேகம். இவற்றைக் கூட்டும் விதி இது:

வே(அ, ஆ) + வே(ஆ, இ) = வே(அ, இ)

ரயில் பெட்டிகளைக் கொளுவுவது போலத்தான். முதலாவதன் கடைசிப் பெயரும் இரண்டாவதன் முதற்பெயரும் ஒன்றாக இருந்தால் மட்டுமே கொளுவும். இல்லாவிட்டால் ஒன்றைத் திருப்பிப் போட வேண்டும். திருப்பினால் குறி மாறும்: வே(ஆ, அ) = − வே(அ, ஆ). முழுக் கருவியும் இவ்வளவுதான். ஒளியின் கதிக்குக் கிட்டப் போகாதவரை இதுவே போதும். 1905இல் ஐன்ஸ்டைன் சொன்ன சிறப்புச் சார்பியல் இங்கே தேவைப்படாது.

இனி அறிகுறிகள். உங்கள் விடையில் எது தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேரே போகலாம்.

அறிகுறி: சைக்கிளில் முன்னே போகிறவருக்கு மழை முதுகில் அடிப்பதாக விடை வருகிறது

மழை நிலைக்குத்தாகக் கீழ்நோக்கி 8 மீ/செ வேகத்தில் விழுகிறது. பிள்ளை ரியூசனுக்குச் சைக்கிளில் 6 மீ/செ வேகத்தில் போகிறாள். அவளுக்கு மழை எந்தத் திசையிலிருந்து வருவதாகத் தெரியும்?

பிழையான கொப்பியில் கீழ்நோக்கி 8, முன்னோக்கி 6, இரண்டையும் கூட்டி 10 மீ/செ என்று இருக்கும். பருமன் சரி. திசையைப் பார்த்தால் மழை முன்னோக்கி நகர்கிறது, அதாவது முதுகில் வந்து அடிக்கிறது. கார்த்திகை மழையில் ஒருநாள் சைக்கிள் ஓடியவருக்கும் இது பொய் என்று தெரியும். மூக்குக்கண்ணாடிதான் நனையும்.

பெயர் எழுதிப் பாருங்கள். நமக்கு வேண்டியது வே(மழை, பிள்ளை). கையில் இருப்பவை வே(மழை, புவி), வே(பிள்ளை, புவி). இவை கொளுவாது. இரண்டாவதைத் திருப்பி வே(புவி, பிள்ளை) ஆக்கினால் கொளுவும். திருப்பியதும் முன்னோக்கிய 6 பின்னோக்கிய 6 ஆகிறது. விளையுள் (கொளுவிக் கூட்டி வரும் வேகம்) அதே 10 மீ/செ. ஆனால் மழை முன்னாலிருந்து, நிலைக்குத்துடன் ஏறக்குறைய 37° சரிவில் வருகிறது. குடையை முன்பக்கம் சாய்க்க வேண்டும்.

பருமன் சரியாக வந்து திசை மட்டும் தலைகீழாகப் போவதால் இந்தப் பிழை சுலபமாகக் கண்ணில் படாது. "சார்பாக" என்ற சொல் வினாவில் எங்கே இருக்கிறது என்று தேடி, அதற்கு முன்னால் நிற்கும் பொருளின் வேகத்தைத் திருப்புங்கள்.

அறிகுறி: படகு நேரே குறுக்காகப் போகிறது, ஆனால் மிகக் குறைந்த நேரத்தைவிட விரைவாகப் போய்ச் சேர்கிறது

புத்தகங்களில் எப்போதும் ஆறுதான் வரும். யாழ்ப்பாணத்தில் வழுக்கையாறு ஒன்றுதான் ஆறு என்று சொல்ல இருக்கிறது, அதுவும் மழைக்கு மட்டும் ஓடும். ஆகவே காரைநகருக்கும் ஊர்காவற்துறைக்கும் நடுவே பாதை (ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவை) ஓடும் நீரிணையை எடுத்துக்கொள்வோம். அகலம் 600 மீற்றர் என்றும், நீரோட்டம் 3 மீ/செ என்றும், நீர் சார்பாகப் படகின் கதி 5 மீ/செ என்றும் வைப்போம். (எண்கள் 3-4-5 முக்கோணிக்காக வைத்தவை. 3 மீ/செ என்றால் மணிக்கு 5.8 கடல் மைல். அங்கே நீர் அப்படி ஓடினால் ஒருவரும் பாதையில் ஏறமாட்டார்கள்.)

வினா: நேர் எதிர்க்கரைக்குப் போக வேண்டும். எவ்வளவு நேரம்?

பிழையான விடை இப்படி வரும்: 5இன் வர்க்கம் 25, 3இன் வர்க்கம் 9, கூட்டினால் 34, வர்க்கமூலம் 5.83. 600ஐ 5.83ஆல் வகுத்தால் 103 செக்கன்.

இதைப் பிடிக்க ஒரு சோதனை உண்டு. நீர் சார்பாகப் படகு 5 மீ/செ வேகத்துக்கு மேல் போகாது. நீரோட்டம் கரைக்குச் சமாந்தரமானது, குறுக்கே தள்ளாது. ஆகவே குறுக்கே கடக்கும் கதி எந்தக் காலத்திலும் 5ஐத் தாண்டாது; நேரம் 600/5 = 120 செக்கனுக்குக் கீழே போகவே போகாது. 103 என்று கண்டதும் பேனையைக் கீழே வைத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள்.

படத்தில் நடந்தது இதுதான். 5 என்பது வே(படகு, நீர்). அது படகின் மூக்கு காட்டும் திசை. 3 என்பது வே(நீர், புவி). இரண்டும் கொளுவி வருவது வே(படகு, புவி). நேர் எதிர்க்கரைக்குப் போக வேண்டும் என்ற நிபந்தனை கடைசி அம்புக்கு உரியது, மூக்குக்கு உரியதல்ல. ஆகவே செங்கோணம் நீரோட்ட அம்புக்கும் விளையுளுக்கும் நடுவே இருக்கிறது. 5 செம்பக்கம் ஆகிறது. விளையுள் 25 − 9 = 16இன் வர்க்கமூலம், 4 மீ/செ. நேரம் 150 செக்கன். மூக்கு நேர்க்குறுக்குத் திசையிலிருந்து நீரோட்டத்துக்கு எதிராக 37° திரும்பியிருக்க வேண்டும்.

மூக்கை நேர் குறுக்கே வைத்தால் என்ன ஆகும்? 120 செக்கனில் கரை வரும், ஆனால் 360 மீற்றர் தள்ளி வரும். குறைந்த நேரம் வேறு, குறுகிய பாதை வேறு. வினாவில் எது கேட்கப்பட்டிருக்கிறது என்பதற்குக் கீழே ஒரு கோடு போட்டுவிட்டுத் தொடங்குங்கள். குறைந்த நேரம் கேட்டால் நீரோட்டத்தின் பெறுமானம் நேரத்துக்குள் வரவே வராது. வந்திருந்தால் நீங்கள் மற்ற வினாவைச் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

வானத்திலும் இதே முக்கோணிதான். பலாலியிலிருந்து சென்னை ஏறக்குறைய நேர் வடக்கே, சுமார் 355 கிலோமீற்றர். காற்றுச் சார்பாக மணிக்கு 500 கிலோமீற்றர் போகும் விமானத்துக்கு மேற்கிலிருந்து மணிக்கு 50 கிலோமீற்றர் காற்று அடித்தால், மூக்கை 5.7° மேற்கே திருப்ப வேண்டும். தரை சார்பான கதி 497.5க்குக் குறைகிறது, பயணம் 13 செக்கன் நீள்கிறது, அவ்வளவுதான். திருப்பாமல் விட்டாலோ, 43 நிமிடத்தில் ஏறக்குறைய 35 கிலோமீற்றர் கிழக்கே தள்ளுண்டு வங்காள விரிகுடாவுக்கு மேலே நிற்கும். பருமனில் ஒன்றும் தெரியாத பிழை திசையில் இப்படி வெளிப்படும்.

அறிகுறி: கோணத்தின் சைன் பெறுமானம் 1ஐத் தாண்டுகிறது

அதே நீரிணை, எண்களை மாற்றுவோம். படகு 3 மீ/செ, நீரோட்டம் 5 மீ/செ. நேர் எதிரே போகச் சைன் பெறுமானம் 5/3 வேண்டும். பரீட்சை மண்டபத்தில் கணிப்பான் இல்லை, ஆகவே யாரும் பிழை என்று எழுதிக் காட்டமாட்டார்கள். சிலர் பின்னத்தைத் தலைகீழாக்கி 3/5 என்று எழுதி, 37° என்று கோணமும் கண்டு, நேர் எதிரே போய் இறங்குவதாக முடித்துவிடுவார்கள்.

இங்கே கணக்குப் பிழைக்கவில்லை. படகால் முடியாது என்று கணக்குச் சொல்கிறது. மெதுவான படகு எப்படித் திரும்பினாலும் நீரோட்டம் அதைக் கொஞ்சமாவது கீழே கொண்டுபோகும். வினாவில் கேட்பது அநேகமாக வேறொன்றாக இருக்கும்: மிகக் குறைவாகத் தள்ளுண்டு கரை சேர மூக்கை எங்கே வைப்பது?

கவராயத்தை எடுங்கள். 5 அலகில் நீரோட்ட அம்பைக் கீறுங்கள். அதன் தலையை மையமாக வைத்து 3 அலகு ஆரையில் வட்டம் போடுங்கள். படகின் அம்பு இந்த மையத்தில் தொடங்கி வட்டத்தின் ஏதோ ஒரு புள்ளியில் முடியும். நீரோட்ட அம்பின் வாலிலிருந்து அந்தப் புள்ளிக்குப் போகும் கோடு விளையுள். அந்தக் கோடு கரையை விட்டு எவ்வளவு நிமிர்ந்து நிற்கிறதோ அவ்வளவுக்குத் தள்ளுண்ட தூரம் குறையும். வட்டத்தை விட்டு விலகாமல் ஆக நிமிர்ந்து நிற்கும் கோடு எது? வாலிலிருந்து வட்டத்துக்குப் போகும் தொடலி. தொடலிக்கு ஆரை செங்குத்து. ஆகவே படகின் மூக்கு விளையுளுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். கணிப்பால் பார்த்தால் நேர்க்குறுக்கிலிருந்து 37° எதிர்ப்பக்கம் திரும்புவது.

குறுக்கே 3 × 0.8 = 2.4 மீ/செ, நேரம் 250 செக்கன். கரை வழியே 5 − 1.8 = 3.2 மீ/செ, தள்ளுண்ட தூரம் 800 மீற்றர். தலைகீழாக்கியவர் கண்ட கோணமும் இதே 37°தான்; தற்செயலாகச் சரியான கோணம், ஆனால் இறங்கும் இடம் 800 மீற்றர் பிழை. அதற்குப் பாதிப் புள்ளிகூடக் கிடைக்காது.

நம்பிக்கை இல்லாவிட்டால் வேறு கோணங்களையும் போட்டுப் பாருங்கள். நேர்க்குறுக்கே வைத்தால் 200 செக்கன், 1000 மீற்றர். எதிர்ப்பக்கமாக 60° வரை திருப்பினால் 400 செக்கன், ஏறக்குறைய 960 மீற்றர். நீரோட்டத்தோடு மல்லுக்கட்டக் கட்ட நல்லது என்று நினைப்பது இங்கே உதவாது. நேரம் நீளநீள நீரும் கூடுதலாகத் தள்ளும்.

அறிகுறி: விடையில் எதிர்பாராமல் √3 வருகிறது

ஒரு சந்தியில் இரண்டு தெருக்கள் 60° கோணத்தில் பிரிகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு மோட்டார் சைக்கிள் ஒரே கதியில் வெளியே போகிறது. ஒன்று சார்பாக மற்றதன் கதி என்ன? இரண்டு அம்புகளையும் ஒரே வாலிலிருந்து கீறித் தலைகளை இணைத்தால் சமபக்க முக்கோணி. விடை அதே கதி. √3 மடங்கு வந்திருந்தால் நீங்கள் கழிக்க வேண்டியதைக் கூட்டி, இணைகரத்தின் மற்ற மூலைவிட்டத்தை எடுத்திருக்கிறீர்கள். கோசைன் சூத்திரத்தில் கூட்டல் குறியா கழித்தல் குறியா என்று மனப்பாடம் செய்வதைவிட, படத்தில் எந்த மூலைவிட்டம் என்று பார்ப்பது நிச்சயமானது.

எந்தக் கணக்குக்கும் பொருந்தும் வேலி ஒன்று உண்டு: சார்புக் கதி இரண்டு கதிகளின் வித்தியாசத்துக்கும் கூட்டுத்தொகைக்கும் நடுவே இருக்க வேண்டும். 6, 8 என்றால் 2க்கும் 14க்கும் நடுவே. வெளியே போனால் எங்கோ பெருக்கலில் பிசகு.

அறிகுறி: பக்கத்தில் ஓடும் பஸ்ஸை ரயில் நம்பமுடியாத விரைவில் முந்துகிறது

அலகைப் பாருங்கள். ஆனையிறவில் தெருவும் தண்டவாளமும் பக்கம் பக்கமாகப் போகின்றன. ரயில் மணிக்கு 72 கிலோமீற்றர், பஸ் 15 மீ/செ என்று தந்திருந்தால் 72 − 15 = 57 என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். 72ஐ 3.6ஆல் வகுத்தால் 20 மீ/செ. வித்தியாசம் 5. 200 மீற்றர் நீளமான ரயில் பஸ்ஸில் இருக்கும் ஒருவரைக் கடக்க 40 செக்கன். அவ்வளவுதான் விஷயம்.

அறிகுறி: காற்றுக் கணக்கில் இரண்டு நிபந்தனைகளும் ஒத்துப்போகவில்லை

காங்கேசன்துறை வீதியில் ஒருவர் வடக்கு நோக்கிச் சைக்கிளில் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் போகிறார். காற்று நேர் மேற்கிலிருந்து அடிப்பதாக அவருக்குத் தெரிகிறது. மோட்டார் சைக்கிளில் 30இல் போகும்போது வடமேற்கிலிருந்து அடிப்பதாகத் தெரிகிறது. உண்மையான காற்று என்ன?

கிழக்கு நோக்கிய கூறு கி, வடக்கு நோக்கிய கூறு வ என்று வைப்போம். சைக்கிள்காரர் சார்பாகக் காற்று: கிழக்கே கி, வடக்கே வ − 15. மேற்கிலிருந்து வருவதால் வ = 15, கி நேர்ப்பெறுமானம். மோட்டார் சைக்கிள் சார்பாக: கிழக்கே கி, வடக்கே 15 − 30 = −15. வடமேற்கிலிருந்து வருவதென்றால் தென்கிழக்கு நோக்கிப் போகிறது; இரண்டு கூறும் பருமனில் சமன், ஆகவே கி = 15. உண்மையான காற்று வடகிழக்கு நோக்கி 15√2, ஏறக்குறைய மணிக்கு 21 கிலோமீற்றர். தென்மேற்கிலிருந்து வருகிறது. நம்முடைய சோளகம்.

ஒத்துப்போகாமல் முட்டுப்படுகிறவர்கள் "மேற்கிலிருந்து" என்பதை மேற்கு நோக்கிய அம்பாகக் கீறியிருப்பார்கள். அப்போது முதல் நிபந்தனை கி எதிர்ப்பெறுமானம் என்கிறது. இரண்டாவது, வடக்குக் கூறு நேர்ப்பெறுமானமாக வேண்டும் என்கிறது, ஆனால் கையில் −15 இருக்கிறது. கணக்கு முடியாமல் நிற்பது நல்லதுதான், பிழையைக் காட்டிக்கொடுக்கிறது. வாடை, கொண்டல், கச்சான், சோளகம் எல்லாம் வரும் திசையை வைத்துச் சொல்வது. அம்பு அதற்கு எதிர்த்திசையில் போகும். நீரோட்டத்தை மட்டும் போகும் திசையை வைத்தே சொல்வார்கள். ஒரே வினாவில் காற்றும் நீரோட்டமும் வந்தால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும்.

அறிகுறி: இரண்டு படகுகளுக்கிடையே மிகக் குறுகிய தூரம் 0 என்று வருகிறது, அல்லது தொடக்கத் தூரத்தைவிடக் கூடுகிறது

இணைந்த கணிதத்தின் இரண்டாம் தாளில் ஆட்களை வீழ்த்தும் வகை இது. பருத்தித்துறைக்கு வெளியே கடலில் அ என்ற படகு வடக்கு நோக்கி மணிக்கு 8 கிலோமீற்றர். அதற்கு நேர் கிழக்கே 5 கிலோமீற்றர் தள்ளி ஆ என்ற படகு, மேற்கு நோக்கி மணிக்கு 6 கிலோமீற்றர். எப்போது, எவ்வளவு கிட்ட வருகின்றன?

0 என்று எழுதியவர் இரண்டு பாதைகளையும் கடலில் கீறி, அவை வெட்டும் புள்ளியைக் கண்டு, அங்கே மோதல் என்று முடிவுகட்டியிருக்கிறார். ஆ அந்தப் புள்ளிக்கு வர 50 நிமிடம் ஆகும். அ புறப்பட்டதே அந்தப் புள்ளியிலிருந்துதான். 50 நிமிடத்தில் அது வடக்கே 6.7 கிலோமீற்றர் போயிருக்கும். பாதைகள் வெட்டுவதும் படகுகள் சந்திப்பதும் ஒன்றல்ல.

செய்ய வேண்டியது: ஒரு படகை நிறுத்திவிடுங்கள். அ என்ற படகை நிறுத்தினால் மிகுதி எல்லாம் அதைச் சார்ந்து நகரும். வே(ஆ, அ) = வே(ஆ, புவி) + வே(புவி, அ). மேற்கே 6, தெற்கே 8. பருமன் மணிக்கு 10 கிலோமீற்றர். இப்போது அ ஒரு புள்ளி. ஆ தொடங்கிய இடத்திலிருந்து தென்மேற்குப் பக்கமாக இந்தத் திசையில் ஒரு நேர்கோட்டை நீட்டுங்கள். அ என்ற புள்ளியிலிருந்து அந்தக் கோட்டுக்கு இறக்கும் செங்குத்துத்தான் மிகக் குறுகிய தூரம்.

செங்கோண முக்கோணியில் செம்பக்கம் 5. சார்புப் பாதை மேற்குத் திசையுடன் ஆக்கும் கோணத்தின் சைன் 0.8. செங்குத்து 5 × 0.8 = 4 கிலோமீற்றர். அந்த இடம் வரை ஆ சார்பாகப் போன தூரம் 5 × 0.6 = 3 கிலோமீற்றர்; மணிக்கு 10 என்பதால் 18 நிமிடம்.

செங்குத்தைக் கடலில் கீறிய உண்மைப் பாதைக்கு இறக்கினால் கிடைக்கும் எண்ணுக்கு ஒரு அர்த்தமும் இல்லை. செங்குத்து எப்போதும் சார்புப் பாதைக்கு. 5ஐ விடக் கூடிய விடை வந்தால் முக்கோணியில் எது செம்பக்கம் என்பது மாறிப்போயிருக்கிறது.

தொடர்ந்து வரும் துணைவினா அநேகமாக இதுவாக இருக்கும்: 5 கிலோமீற்றருக்குள் எவ்வளவு நேரம் நிற்கும்? அ என்ற புள்ளியை மையமாக வைத்து 5 ஆரையில் வட்டம் போட்டால் சார்புப் பாதை அதில் ஒரு நாண். பாதி நாண் 3, முழு நாண் 6 கிலோமீற்றர், ஆகவே 36 நிமிடம். இங்கே உண்மையான படத்தில் செய்ய முயன்றால் இரண்டு படகும் நகர்ந்துகொண்டே இருக்கும், ஒருபக்கத் தாள் போதாது.

கடைசியாக, நேரம் மறைப்பெறுமானத்தில் வந்தால். ஆ மேற்கே அல்லாமல் கிழக்கே போகிறது என்று வினாவை மாற்றினால் 18 நிமிடம் −18 நிமிடம் ஆகும். கூட்டலில் பிழை தேடி மெனக்கெட வேண்டாம். செங்குத்தின் அடி சார்புப் பாதையில் பின்பக்கம் விழுந்திருக்கிறது. படகுகள் தொடக்கத்திலிருந்தே விலகிப் போகின்றன. அப்போது இனிவரும் நேரத்தில் மிகக் குறுகிய தூரம் தொடக்கத்தில் இருந்த 5 கிலோமீற்றர். 4 அல்ல.